தூக்கக் குளிசையும் தடைப்பட்ட மூச்சும்: மலையகத் தோட்டமொன்றிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளியும் அவரது குடும்பத்தினரும் சம்மதித்த பிறகே இது எழுதப்படுகிறது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. வைத்தியசாலைகள், பார்மசிகள், மருந்து எழுதியவர்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை.

பின்னணி

நுவரெலியா மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,600 மீற்றர் உயரத்திலுள்ள தோட்டமொன்றைச் சேர்ந்த 64 வயதுப் பெண். இளவயதில் பேர் பதிந்து, ஓய்வு பெறும்வரை கொழுந்து பறித்தவர். கணவர் இல்லை. மகன் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறார், மாதம் ஒருமுறை வந்து போவார். மருமகள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவர். லயக் காம்பிராவில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இந்த அம்மாவுடன் ஒரே அறையில் படுப்பது 15 வயதுப் பேரன்.

உயரம் 150 சென்ரிமீற்றர், எடை 78 கிலோ, கழுத்துச் சுற்றளவு 41 சென்ரிமீற்றர். பிரஷர், சீனி இரண்டுக்கும் மாதாந்தக் கிளினிக்கில் மருந்து எடுத்து வந்தார். சிகரெட், பீடி தொட்டதில்லை. வெற்றிலை மட்டும்தான்.

அடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் 2021 வரை கேஸ் அடுப்பு இருந்தது. 2022இல் நாடு முழுக்க கேஸுக்கு வரிசையில் நின்ற காலத்தில் மீண்டும் விறகுக்குத் திரும்பியவர்கள், அப்புறம் கேஸ் பக்கம் போகவே இல்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் கிளைகளான மிலாறுதான் விறகு. மழைக்காலத்தில் அது ஈரம் காயாமலேயே அடுப்புக்குள் போகும். புகைபோக்கி கிடையாது, குளிருக்குக் கதவும் சாத்தியிருக்கும். புகைபிடிக்காத ஒரு பெண்ணின் நுரையீரல் பழுதாக இது போதும். கேஸ் வருவதற்கு முன்பும் அவர் சமைத்தது விறகில்தானே.

“தூக்கமில்லை” என்று வந்த முறைப்பாடு

கணவர் இறந்து சில மாதங்களில் தொடங்கியது. இரவு எட்டு மணிக்குப் படுப்பார். ஒரு மணி, இரண்டு மணிக்குத் தூக்கிவாரிப் போட்டது போல எழுந்து உட்கார்ந்துவிடுவார். “தொண்டையில கைய வச்சு அமுக்குன மாதிரி இருக்கு” என்பது அவரே சொன்னது. அமுக்குப் பேய் என்று சொல்லி மந்திரித்த கயிறு கட்டினார்கள். புருஷன் நினைப்பு என்றார்கள் சிலர். இரவில் மூன்று நான்கு முறை வெளியே கக்கூசுக்குப் போக வேண்டியிருந்தது, அதைச் சீனியின் கணக்கில் எழுதினார்கள். விடிந்தால் தலைவலி, அதற்கு சித்தாலேப தைலம். பகலில் கோயில் பூஜையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார், அதற்கு வயது.

ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு காரணம் கிடைத்துவிட்டதால், எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க யாருக்கும் தேவை வரவில்லை. மூச்சுத்திணறி விழிப்பது, இரவில் அடிக்கடி சிறுநீர், காலைத் தலைவலி, பகல் தூக்கம், தடித்த கழுத்து, கட்டுப்படாத பிரஷர்: நித்திரையில் மூச்சுத்தடை நோயின் படம் ஏறத்தாழ முழுமையாகவே இருந்தது.

டவுனில் ஒரு தனியார் வைத்தியர் டயசெபாம் என்ற தூக்கக் குளிசை 5 மில்லிகிராம், இரவுக்கு ஒன்று, இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். மருந்து வேலை செய்தது. இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள இதை மறக்கக் கூடாது. அம்மா விடியும்வரை தூங்கினார், தூக்கிவாரிப் போடுவதும் நின்றது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

நின்றது விழிப்பு மட்டும்தான், மூச்சுத்தடை அல்ல. டயசெபாம் போன்ற பென்சோடயசெபின் வகைக் குளிசைகள் நித்திரையில் மூச்சை மூன்று வழியில் பாதிக்கின்றன. தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் தசைகளைத் தளர்த்துகின்றன. குருதியில் காபனீரொட்சைட்டு ஏறும்போது “மூச்சை வேகமாக எடு” என்று மூளை இடும் கட்டளையை மந்தப்படுத்துகின்றன. மூன்றாவதுதான் இவரில் முக்கியம்: மூச்சு அடைத்தவுடன் மூளை ஆளைத் தட்டி எழுப்பும் அந்தக் கணத்தைத் தள்ளிப் போடுகின்றன. இரவில் குரைத்துக்கொண்டே இருக்கிறது என்று காவல் நாய்க்கு மயக்க மருந்து கொடுத்தால், வீடு அமைதியாகும். கள்ளன் வருவது நிற்காது.

வீட்டில் இந்த வித்தியாசத்தைக் கண்டது பேரன் ஒருவன்தான். பின்னர் வைத்தியசாலையில் எங்களிடம் சொன்னான்: “அப்பாயி கொறட்ட விட்டா எனக்குப் பயமில்ல டொக்டர். கொறட்ட நின்னாத்தான் பயம்.”

பையில் இருந்தவை

இரண்டு வாரத்துக்கு எழுதிய சீட்டு இரண்டு வருடம் ஓடியது. அதே பழைய சீட்டைக் காட்டி, சில சமயம் காட்டாமலும், டவுன் பார்மசியில் வாங்கியிருக்கிறார்கள். மருமகள் சம்பளத்தன்று டவுனுக்குப் போகும்போது அரிசி, மாவோடு சேர்த்து வாங்கும் பட்டியலில் குளிசையும் இருந்தது. ஒன்று போதாமல் போக, இரண்டானது.

அப்புறம் இன்னொரு வைத்தியரிடம் “தூக்கமில்லை” என்று போனபோது குளோனசெபாம் 0.5 மில்லிகிராம் கிடைத்தது. ஏற்கனவே ஒன்று எடுப்பதைச் சொல்லவில்லை, கேட்கப்படவும் இல்லை. நிறமும் அளவும் வேறு என்பதால் அம்மாவுக்கு அது வேறு மருந்து. உண்மையில் இரண்டும் ஒரே குடும்பம். 0.5 மில்லிகிராம் குளோனசெபாம் ஏறத்தாழ 10 மில்லிகிராம் டயசெபாமுக்குச் சமம். ஆக, எழுதப்பட்ட 5 மில்லிகிராமுக்குப் பதிலாக இரவுதோறும் உள்ளே போனது கிட்டத்தட்ட 20.

இந்த இரண்டும் உடலில் தங்குபவை. டயசெபாமின் அரைவாசி வெளியேறவே 20 முதல் 50 மணித்தியாலம் பிடிக்கும், வயது ஏற ஏற அது நீளும். அதிலிருந்து உடலில் உருவாகும் இன்னொரு பொருள் அதைவிட நீண்ட நேரம் வேலை செய்யும். எனவே இன்றிரவு போடும் குளிசை, நேற்றையதன் மீதும் முந்தாநேற்றையதன் மீதும்தான் போய் விழுகிறது.

முழங்கால் வலிக்கு மூன்றாவது வைத்தியர் எழுதிய ட்ரமடோல் 50 மில்லிகிராமும் பையில் இருந்தது. ட்ரமடோல் போன்ற ஓபியொயிட் வகை வலிநிவாரணியையும் பென்சோடயசெபினையும் சேர்த்து எடுப்பதால் மூச்சு மந்தமாகி மரணம் நேரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2016இல் தனது மிகக் கடுமையான எச்சரிக்கையை இரண்டு வகை மருந்துகளிலும் அச்சிட வைத்தது. இந்தக் குளிசைகள் வந்ததோ, “நோட்” என்றும் “மோனிங்” என்றும் பேனையால் கிறுக்கிய சின்னப் பேப்பர் உறைகளில். அதில் “நோட்” என்பது இரவு என்பதை நாங்கள் ஊகித்தே தெரிந்துகொண்டோம்.

நிகழ்வு நாள்

ஜனவரி மாதம், மேட்டுநிலத் தோட்டங்களில் பனி விழும் காலம். அம்மாவுக்கு மூன்று நாளாகத் தடிமனும் இருமலும். இருமலுக்கு குளோர்பெனிரமின், நாளுக்கு மூன்று. அதுவும் தூக்கம் தரும் மருந்துதான். அன்றிரவு ட்ரமடோல், குளோனசெபாம், டயசெபாம் இரண்டு. இருமி இருமித் தூக்கம் வராததால் பன்னிரண்டு மணிபோல இன்னுமொரு டயசெபாம்.

காலை ஐந்தரைக்கு மருமகள் தேத்தண்ணியோடு எழுப்பப் போனார். அம்மா எழும்பவில்லை. உதடு நீலம். உலுக்கினால் கண்ணைத் திறந்து மூடினார். பேரன் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அடித்தான். லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு அம்புலன்ஸ் இறங்க முடியாத படிக்கட்டு என்பதால், பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்து நான்கு பேர் சுமந்தார்கள். உட்கார வைத்தது, தெரியாமல் நடந்த நல்ல காரியம். மல்லாக்கப் படுக்க வைத்திருந்தால் மூச்சு இன்னும் அடைத்திருக்கும்.

அம்புலன்ஸில் குருதியின் ஒட்சிசன் பூரிதம் 71 வீதம். உடனே மாஸ்க் போட்டு ஒட்சிசன் கொடுத்தார்கள். எங்களிடம் வந்து சேர்ந்தபோது 98 வீதம். ஆனால் வழியில் சொன்னதைவிட மயக்கம் கூடியிருந்தது.

வார்டில் எடுத்த முடிவுகள்

முதலில் விரல் நுனிக் குருதியில் சீனி. சீனிக் குளிசை எடுப்பவர் மயங்கிக் கிடந்தால் வேறெதையும் யோசிப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். 148, பிரச்சினை அதுவல்ல. மூச்சு நிமிடத்துக்கு 9. நாடிக் குருதி வாயுப் பரிசோதனையில் பிஎச் (குறைந்தால் குருதியில் அமிலம் கூடியிருக்கிறது) 7.21, காபனீரொட்சைட்டின் அழுத்தம் 82 (சாதாரணமாக 35 முதல் 45), அந்த அமிலத்தைச் சமப்படுத்தச் சிறுநீரகம் சேர்த்து வைக்கும் பைகாபனேற்று 32.

கடைசி எண்ணில்தான் கதை இருந்தது. ஒரே இரவில் காபனீரொட்சைட்டு ஏறியிருந்தால் பைகாபனேற்று இவ்வளவு உயர நேரமிருந்திருக்காது. சிறுநீரகம் பல நாட்களாகச் சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதாவது இவரது உடல் நீண்ட காலமாகவே காபனீரொட்சைட்டைத் தேக்கி வைத்திருக்கிறது, நேற்றிரவு அந்தச் சமாளிப்பு உடைந்தது.

இதன்படி எடுத்த முதல் முடிவு, ஒட்சிசனைக் குறைப்பது. இலக்கு 88 முதல் 92 வீதம். உறவினர்கள் கலங்கிப் போனார்கள்: 98 இருந்ததை ஏன் குறைக்கிறீர்கள்? காபனீரொட்சைட்டு தேங்கும் ஒருவருக்கு அளவுக்கு மிஞ்சிய ஒட்சிசன் அந்தத் தேக்கத்தை மேலும் ஏற்றும் என்பதுதான் காரணம். அம்புலன்ஸில் கொடுத்ததில் தவறு காண இடமில்லை. 71இல் இருப்பவருக்கு ஒட்சிசன் கொடுத்தே ஆக வேண்டும். பூரிதம் ஏறிய பிறகு அளவைக் கட்டுப்படுத்துவதுதான் அடுத்த வேலை.

இரண்டாவது, முகமூடி வழியாக இரண்டு நிலை அழுத்தத்தில் காற்றைச் செலுத்தும் பைபாப் இயந்திரம். மயக்கத்தில் இருப்பவருக்கு இது யோசித்துச் செய்ய வேண்டியது, வாந்தி எடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். தேவைப்பட்டால் மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடத் தயாராக மயக்கமருந்து வைத்தியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தொடங்கினோம். ஒரு மணித்தியாலத்தில் திருப்பம் இல்லையென்றால் குழாய் என்று முன்கூட்டியே முடிவெடுத்திருந்தோம். திருப்பம் இருந்தது: பிஎச் 7.29, காபனீரொட்சைட்டு 66. அடுத்த நாள் காலை 7.36, 56.

மூன்றாவது, ஃபுளுமசெனில் கொடுக்காமல் விட்டது. பென்சோடயசெபினை முறிக்கும் மருந்து இருக்கிறதே, ஏன் கொடுக்கவில்லை என்று பயிற்சி வைத்தியர்கள் கேட்டார்கள். இரண்டு வருடமாகத் தினமும் எடுப்பவருக்குச் சட்டென்று முறித்தால் வலிப்பு வரலாம். ட்ரமடோலும் வலிப்பை எளிதில் வரச் செய்யும் மருந்து. அது போதாதென்று, ஃபுளுமசெனில் ஒரு மணித்தியாலம் போலத்தான் நிற்கும், டயசெபாமோ நாட்கணக்கில். ஓபியொயிட்டை முறிக்கும் நாலொக்சோன் சிறிய அளவில் கொடுத்துப் பார்த்தோம், சொல்லும்படி மாற்றமில்லை.

அறைக்குள் இரவில் கரி, தணல் வைத்திருந்தார்களா என்றும் கேட்டோம். குளிர் பிரதேசத்தில் இந்தக் கேள்வியை விடக் கூடாது. தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு (காபனீரொட்சைட்டு அல்ல, வேறு வாயு) நஞ்சேறினால் விரலில் மாட்டும் சாதாரணக் கருவி பொய்யாக நல்ல எண்ணைக் காட்டும். இங்கே தணல் எதுவும் இல்லை, அதே அறையில் படுத்த பேரனுக்குத் தலைவலிகூட இல்லை.

தற்கொலை முயற்சியா?

வைத்தியசாலைக்கு வருவதற்குள்ளேயே லயத்தில் பேச்சு பரவிவிட்டது: கிழவி குளிசை குடித்துவிட்டாள். மருமகளோடு சண்டையாம். வெளியே பொலிஸ் பதிவு நடந்தபோது மருமகள் மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தார்.

இதைக் கேட்காமல் விட முடியாது. கூச்சப்பட்டு விடுவதும் ஆபத்து, ஊர்ப் பேச்சைக் கேட்டு முடிவு கட்டுவதும் ஆபத்து. மருமகளை வீட்டுக்கு அனுப்பி, குளிசைப் பை முழுவதையும் எடுத்துவரச் சொன்னோம். வாங்கிய திகதி, எடுக்கும் எண்ணிக்கை, மிச்சம் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி எண்ணினோம். கணக்கில் கூடுதலாகக் குறைந்தது ஒரே ஒரு டயசெபாம். தெளிந்த பிறகு மனநலப் பிரிவு வைத்தியர் அம்மாவோடு தனியே, தமிழில், அவசரமில்லாமல் பேசினார். சாக நினைக்கவில்லை. கணவரை நினைத்துத் துக்கம் இருந்தது, அதோடு வாழ்ந்துகொண்டிருந்தார். “இருமல் நிக்கட்டும்னு ஒண்ணு கூடப் போட்டேங்க ஐயா, அவ்வளவுதான்.”

இந்த முடிவை மருமகளை வைத்துக்கொண்டு குடும்பத்தினர் அனைவருக்கும் சொன்னோம். மருத்துவ ரீதியாக அதற்கு அவசியமில்லை. ஆனால் அம்மா திரும்பிப் போவது அதே லயத்துக்கு, பழி சுமக்கப் போவது அந்த மருமகள்.

பேரனின் வீடியோ

கொழும்பிலுள்ள அப்பாவுக்கு அனுப்ப ஒரு வாரத்துக்கு முன் பேரன் போனில் எடுத்த வீடியோ ஒன்று இருந்தது. இருட்டு, படம் எதுவும் தெரியவில்லை, சத்தம் மட்டும்தான். உரத்த குறட்டை, திடீரென்று நிசப்தம், 38 விநாடி. அந்த இடைவெளியில் பையன் “அப்பாயி, அப்பாயி” என்று இரண்டு முறை மெதுவாகக் கூப்பிடுகிறான். பிறகு மீனைத் தரையில் போட்டது போல ஒரு துள்ளலும் இழுப்பும், மறுபடி குறட்டை. அப்பா அதைப் பார்த்துச் சிரிப்பு முகம் போட்டுப் பதில் அனுப்பியிருந்தார்.

எங்களுக்கு எந்த ஸ்கேனை விடவும் இது பயன்பட்டது. அடியில் இருந்த நோய் என்ன என்பதை உறுதிப்படுத்த வேண்டியதுதான் பாக்கி.

குளிசையை நிறுத்திய விதம்

குளோனசெபாம், ட்ரமடோல், குளோர்பெனிரமின் மூன்றும் அன்றே நின்றன. டயசெபாமையும் ஆரம்பத்தில் கொடுக்கவில்லை, உடலில் இருந்ததே போதுமாக இருந்தது. நான்காம் நாள் கைநடுக்கம், வியர்வை, பதற்றம் தொடங்கின. பழகிய உடல் குளிசையைக் கேட்கிறது. இப்படியே விட்டால் வலிப்பு வரக்கூடும். மனநல வைத்தியரோடு கலந்து, டயசெபாம் 2 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை கண்காணிப்பில் தொடங்கினோம். மூச்சை நிறுத்திய மருந்தையே திரும்பக் கொடுப்பதா என்று மகன் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. இரவில் இயந்திரத்தின் துணையோடு சிறிய அளவு கொடுப்பது, திடீரென்று நிறுத்துவதைவிடப் பாதுகாப்பானது என்று விளக்கினோம். சில வாரங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து முற்றாக நிற்க நான்கு மாதம் போலப் பிடித்தது.

தூக்கமில்லை என்ற முறைப்பாட்டையும் விசாரித்தோம். எட்டு மணிக்குப் படுத்து இரண்டு மணிக்கு எழும்பினால், ஆறு மணித்தியாலம் ஏற்கனவே முடிந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க நாலரைக்கு எழும்பிப் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் எடுக்கும் காலைக் கூட்டத்துக்கு) போனவர், வேலை நின்ற பிறகு செய்ய ஒன்றுமில்லாமல் பொழுது சாய்ந்ததும் படுக்கிறார். படுக்கும் நேரத்தை பத்து மணியாக்கினோம். பின்னேரத்துக்குப் பிறகு பிளேன்டீ வேண்டாம், பகலில் படுக்கை வேண்டாம் என்றோம். பிளேன்டீயை விடுவதுதான் குளிசையை விடுவதைவிடக் கஷ்டமாக இருந்ததாம்.

அடியில் இருந்த நோய்

ஆறு வாரம் கழித்துச் செய்த நித்திரைப் பரிசோதனையில், மணித்தியாலத்துக்கு 42 முறை மூச்சுத் தடைப்பட்டது அல்லது குறைந்தது. 30க்கு மேல் போனாலே கடுமையான நிலை. பூரிதம் 68 வரை இறங்கியது. பெரும்பகுதி விடியற்காலையில். கனவுத் தூக்கம் நீளும் நேரம் அது, அப்போதுதான் தசைகள் மிகத் தளர்ந்திருக்கும். நுரையீரல் ஊதும் பரிசோதனையில் புகையால் வரும் நாட்பட்ட அடைப்பு நோயும் தெரிந்தது.

உயரத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா நகரில் மூச்சோடு உள்ளே போகும் ஒட்சிசனின் அழுத்தம் கடற்கரையை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆரோக்கியமானவருக்கு அது தெரியாது. ஏற்கனவே விளிம்பில் நிற்கும் ஒருவருக்கு, ஒவ்வொரு மூச்சுத்தடையும் தாழ்ந்த இடத்திலிருந்து தொடங்கி இன்னும் தாழ்ந்த இடத்துக்குப் போகும்.

தூக்கக் குளிசை போடும் எல்லோருக்கும் இப்படி ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல நுரையீரலும் தடையில்லாத தொண்டையும் உள்ள ஒருவர், எழுதிய அளவைக் குறுகிய காலத்துக்குத் தனியாக எடுத்தால் மூச்சு நிற்பது அரிது. பயத்தில் யாரும் தினமும் எடுக்கும் குளிசையைத் தாமாக ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது.

பிந்திய மாதங்கள்

காற்றழுத்த இயந்திரம் இலட்சங்களில் விலை. 2024இல் 1,350 ரூபாயாக உயர்ந்த நாட்கூலியில் ஓடிய வீட்டில் அது நடக்காத காரியம். முதலில் வைத்தியசாலையின் இயந்திரத்தை இரவல் கொடுத்தோம், பின்னர் மகன் கொழும்பில் பாவித்த ஒன்றைத் தேடி வாங்கினார். காம்பிராவில் பிளக் இருந்தது முன் அறையில் மட்டும், எனவே கட்டில் அங்கே போனது. மழைக்காலத்தில் கரண்ட் போகும் இரவுகளில் தலையணை அடுக்கிச் சாய்ந்து, ஒருக்களித்துப் படுக்கச் சொல்லியிருக்கிறோம்.

மூன்று மாதத்தில் காபனீரொட்சைட்டு 47. தலைவலி போய்விட்டது. இரவில் ஒருமுறைதான் வெளியே போகிறார். எடை நான்கு கிலோ குறைந்தது, அதற்கு மேல் இறங்கவில்லை. சமையல் கேஸுக்கு மாறியது. குளிக்க வெந்நீர் மட்டும் வெளியே விறகில். துக்கம் கூடும் நாட்களில் “ஒண்ணே ஒண்ணு” என்று அம்மா இன்னும் கேட்பதுண்டு. வீட்டில் இப்போது அந்தக் குளிசை இல்லை.

மாற்ற வேண்டியவை

தூக்கமில்லை என்று வருபவரிடம் குறட்டையைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை, அவர் தூங்கிக்கொண்டிருந்தவர். கூடப் படுப்பவரைக் கேட்க வேண்டும். லயங்களில் தனியாகப் படுப்பவர்கள் குறைவு என்பதால் சாட்சிக்குப் பஞ்சமில்லை. போனில் ஒரு நிமிடம் பதிந்து வரச் சொன்னால் போதும்.

கிளினிக்குக்கு வரும்போது கொப்பியோடு வீட்டிலுள்ள குளிசைப் பையையும் கொண்டுவரச் சொல்கிறோம், தனியாரிடம் வாங்கியதையும் சேர்த்து. ஆரம்பத்தில் மறைத்தார்கள், திட்டுவோம் என்ற பயம். திட்டாமல் எண்ணினால் கொண்டுவருகிறார்கள். பார்மசிகளோடும் பேசினோம்: உறையில் “இரவு”, “தூக்கம் வரும்” என்று தமிழிலும் எழுதுவது, பழைய சீட்டுக்குக் கொடுக்காமல் வைத்தியரிடம் திருப்பி அனுப்புவது. முதலாவதற்கு ஒத்துழைப்பு கிடைத்தது. இரண்டாவது கடைக்குக் கடை வேறுபடுகிறது.

இந்த அம்மாவின் கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறோம்: காபனீரொட்சைட்டு தேங்குபவர், ஒட்சிசன் இலக்கு 88–92, தூக்கக் குளிசையும் ஓபியொயிட்டும் கொடுக்க வேண்டாம். அதைப் பேரன் போனில் படமெடுத்து வைத்திருக்கிறான். அடுத்தமுறை 1990 வந்தால் முதலில் காட்ட வேண்டியது அதுதான் என்று அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் சொல்லியிருக்கிறோம்.